அறைக் கணக்கு

நகராட்சி சுகாதாரப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பதவியின் பெயர் துப்புரவு ஆய்வாளர். ஆனால் குப்பை வண்டி, கொசு மருந்து, ஓட்டல் சோதனை ஆகியவற்றோடு பிறப்பு இறப்புப் பதிவேடும் எங்கள் மேசையில்தான் கிடந்தது. அந்தப் பழக்கத்தால், எந்த ஊரின் சுகாதார அறிக்கை கையில் கிடைத்தாலும் முன்னுரையைப் புரட்டித் தள்ளிவிட்டு நேரே அட்டவணைகளுக்குப் போய்விடுவேன். மகளின் பிரசவத்தை ஒட்டி லண்டனில் ஆறு மாதம் தங்க நேர்ந்தபோது, பேத்தி உறங்கும் பகல் பொழுதுகளில் அந்நகரத்து பரோக்களின் நூறாண்டுக்கு முந்தைய சுகாதார அறிக்கைகளை இப்படித்தான் கணினித் திரையில் படித்துக்கொண்டிருந்தேன். பரோ என்பது ஏறக்குறைய நம் மாநகராட்சி மண்டலம் போன்றது. ஆனால் அதற்கென்று தனி மன்றமும், தனி வரியும், தனி நகர்நல அலுவலரும் உண்டு.

அப்படிப் படித்ததில் என்னை நிறுத்தி வைத்தது ஃபின்ஸ்பரி. 1900இல் உருவான பரோ அது. கிளார்க்கன்வெல், செயின்ட் லூக் முதலிய பழைய வட்டாரங்களைச் சேர்த்து அமைத்தார்கள். ஒரு சதுர மைல்கூட நிறையாத இடத்தில் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1,01,463 பேர் வாழ்ந்தார்கள். கடிகாரம் செய்பவர்கள், அச்சுத் தொழிலாளர்கள், சந்தைச் சுமையாளர்கள், வீட்டிலேயே பெட்டியும் செயற்கைப் பூவும் செய்து கூலி வாங்கும் பெண்கள் என்று பலதரப்பட்ட உழைப்பாளிகளின் ஊர் அது. நமக்கும் அந்த ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இந்தியாவின் செல்வம் எப்படி உறிஞ்சப்படுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டிய தாதாபாய் நௌரோஜி, 1892இல் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியிலிருந்துதான் வெறும் 5 வாக்கு வித்தியாசத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனார். அவர் பெயரில் அங்கே ஒரு தெரு இன்றும் இருக்கிறது. வறுமையைப் புள்ளிவிவரத்தால் பேச வைத்தவருக்கு வாக்களித்த வட்டாரம், தன் குழந்தைகளின் சாவையும் புள்ளிவிவரமாகவே விட்டுச் சென்றிருக்கிறது.

1905ஆம் ஆண்டுக்கு ஃபின்ஸ்பரியின் நகர்நல அலுவலர் டாக்டர் ஜார்ஜ் நியூமன் தயாரித்த கணக்கு நான்கே வரிதான். உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் எத்தனை பேர் முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்தார்கள் என்பதை, அந்தக் குடும்பம் குடியிருந்த அறைகளின் எண்ணிக்கையை வைத்து அவர் பிரித்திருந்தார். ஒற்றை அறைக் குடித்தனத்தில் 219. இரண்டு அறையில் 157. மூன்று அறையில் 141. நான்கும் அதற்கு மேலும் அறைகள் உள்ள வீடுகளில் 99. ஒரே பரோவில், ஒரே வானிலையில், பெரும்பாலும் ஒரே தெருவில், சுவர் ஒன்று கூடுவதற்கும் குறைவதற்கும் இடையில் குழந்தைச் சாவு இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது.

என் பணிக்காலத்தில் நான் எழுதிய பதிவேடுகளில் அறைக்கென்று ஒரு பத்தி இருந்ததில்லை. இறந்தவர் பெயர், தந்தை பெயர், வயது, பாலினம், இறந்த இடம், இறப்புக்கான காரணம் என்ற பத்திகள் இருந்தன. அந்தக் கடைசிப் பத்தியை நிரப்புவதில் எங்களுக்கு இருந்த சிரமத்தை இப்போது ஒப்புக்கொள்வதில் தவறில்லை. மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே இறந்த கைக்குழந்தைக்குக் காரணம் கேட்டால், தகவல் சொல்ல வந்த பெரியவர் ‘மாந்தம் வந்து போச்சுங்க’ என்பார். செரியாமைக்கும் மாந்தம், கழிச்சலுக்கும் மாந்தம், இழுப்புக்கும் மாந்தம். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? சில நேரம் ‘வலிப்பு’ என்றும், சில நேரம் ‘காய்ச்சல்’ என்றும் எழுதியிருக்கிறேன்.

ஃபின்ஸ்பரி காலத்து இங்கிலாந்தின் பதிவேடுகளைப் பார்த்ததும் அந்த மாந்தம் எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கே சான்றிதழ் எழுதியவர்கள் பட்டம் பெற்ற மருத்துவர்கள். ஆனாலும் கைக்குழந்தைகளின் மரணக் காரணங்களாக வரிசையாக நிற்பவை வலிப்பு, பிறவி பலவீனம், உடல் இளைத்தல், பல் முளைத்தல் என்பவைதான். பல் முளைத்து எந்தக் குழந்தையும் சாவதில்லை. பல் முளைக்கும் ஆறாம் ஏழாம் மாதத்தில் தாய்ப்பாலோடு வேறு உணவும் உள்ளே போகத் தொடங்குகிறது, அந்த உணவோடு கிருமியும் போகிறது, கழிச்சல் வருகிறது, உடலின் நீர் வற்றி இழுப்பு வருகிறது. கடைசியில் கண்ணில் பட்டதைத்தான் சான்றிதழில் எழுதினார்கள். இது இங்கிலாந்து மருத்துவர்களின் மாந்தம்.

இந்தப் போர்வைச் சொற்களை விலக்கிவிட்டுப் பார்த்தால் மூன்று பெரிய காரணங்கள் மிஞ்சும். குறைமாதத்தில் பிறந்து தேறாமல் போவது ஒன்று. அது முதல் மாதத்திலேயே கொண்டுபோய்விடும். குளிர்காலத்து மார்ச்சளியும் நிமோனியாவும், அவற்றோடு வரும் கக்குவானும் தட்டம்மையும் இன்னொன்று. மூன்றாவது கோடைக் கழிச்சல். நகரத்தை நகரமாக அடையாளம் காட்டியது இந்த மூன்றாவதுதான். மற்ற இரண்டும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வர, கோடைக் கழிச்சல் மட்டும் வெயிலைப் பொறுத்துத் தாவியது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்குமான சிசு மரண விகிதம் வெப்பம் மிகுந்த 1911இல் ஆயிரத்துக்கு 130. மழையும் குளிருமாகக் கழிந்த அடுத்த ஆண்டில் 95. ஒரே ஆண்டில் தாய்மார்கள் யாரும் திடீரென்று புத்திசாலிகள் ஆகிவிடவில்லை. வெயில் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வெயிலுக்கும் கழிச்சலுக்கும் உள்ள உறவைக் கண்டு சொன்ன விதம் என் போன்றவர்களுக்கு இனிப்பான செய்தி. எட்வர்ட் பல்லார்ட் என்ற அரசு மருத்துவ ஆய்வாளர் 1889இல் தந்த அறிக்கையில், காற்றின் வெப்பத்தைப் பார்த்துப் பயனில்லை, மண்ணின் வெப்பத்தைப் பாருங்கள் என்றார். தரைக்குக் கீழே நான்கு அடி ஆழத்தில் வைத்த வெப்பமானி 56 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் வரை கழிச்சல் சாவுகள் ஏறுவதில்லை. அதைத் தொட்டுவிட்டால் ஏறத் தொடங்கும். மண் மீண்டும் குளிரும் வரை இறங்காது. நம் ஊர்க் கணக்கில் 56 டிகிரி என்பது மார்கழிக் குளிருக்கும் கீழே. அந்த நாட்டுக்கு அதுவே கோடை. மண்ணுக்குள்ளிருந்து ஏதோ நச்சு கிளம்புகிறது என்று அவர் எண்ணினார். அது தவறு. ஆனால் அளவீடு சரி. நான்கடி ஆழத்து மண் சூடாக எடுத்துக்கொள்ளும் வாரங்களும், வீட்டு ஈ பல தலைமுறை பெருகி ஊரை நிறைக்க எடுத்துக்கொள்ளும் வாரங்களும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்துவிட்டன.

அந்த ஈக்களுக்கு இரை எங்கிருந்து வந்தது? நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஏறக்குறைய மூன்று லட்சம் குதிரைகள் இருந்தன. பேருந்தை இழுப்பதும், சரக்கை இழுப்பதும், பால் வண்டியை இழுப்பதும் குதிரைதான். ஒரு குதிரை நாளுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் லத்தி போடும். லாயங்கள் குடியிருப்புகளை ஒட்டியே இருந்தன; லத்திக் குவியலை வாரம் ஒருமுறையோ இருமுறையோதான் அள்ளினார்கள். கோடையில் ஈ முட்டையிட்டுப் புழுவாகிக் கூடாகிப் பறக்கப் பத்து நாள் போதும். அந்த ஈ லத்தியிலிருந்தும் முற்றத்துக் கக்கூஸிலிருந்தும் எழுந்து, ஜன்னல் வழியாக உள்ளே வந்து, முதலில் எதன் மேல் உட்காரும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அறை ஒன்றே என்றால், அடுப்பும் கட்டிலும் துவைத்த துணியும் துவைக்காத துணியும் பால் சொம்பும் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

அந்தப் பாலைப் பற்றி நியூமன் விரிவாகவே ஆராய்ந்தவர். நுண்ணுயிரியல் படித்தவர் என்பதால் அது அவருக்குப் பிடித்த துறையும்கூட. லண்டனுக்குப் பால் தொலைவிலிருந்த மாவட்டங்களின் பண்ணைகளிலிருந்து பெரிய தகரக் கேன்களில் ரயிலேறி வந்தது. கறந்த கையும் கழுவாதது, மடியும் கழுவாதது. வழியில் குளிரூட்டும் வசதி கிடையாது. கெடாமல் இருக்க போரிக் அமிலமோ ஃபார்மலினோ கலந்தவர்கள் இருந்தார்கள். தண்ணீர் கலந்தவர்களுக்குக் குறைவே இல்லை. அது கடைசியாக வந்து சேர்வது தெருமுனைப் பெட்டிக்கடைக்கு. அங்கே விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில் திறந்த பாத்திரத்தில் வைத்து, காலணாக் கணக்கில் முகந்து கொடுத்தார்கள். இது வேண்டாம் என்று நினைத்தவள் டின் பாலுக்குப் போனாள். மலிவான டின் பால் என்பது இயந்திரத்தில் கொழுப்பெல்லாம் கடைந்தெடுத்த பிறகு மிஞ்சிய பாலைச் சர்க்கரை கொட்டிக் காய்ச்சியது. ‘கொழுப்பு நீக்கியது’ என்று டின்னில் தெளிவாகப் போட வேண்டும் என்று 1899இல் சட்டம் வந்தது. சர்க்கரையால் குழந்தை கொழுகொழுவென்று ஊதித் தெரியும், எலும்பு வளையும், முதல் கழிச்சலில் சுருண்டுவிடும்.

பாலைக் கொடுத்த புட்டியையும் சொல்ல வேண்டும். அதில் ஒன்றை லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். கண்ணாடியால் செய்த ஆமை போன்ற சப்பையான குப்பி. அதன் கழுத்தில் தக்கை. தக்கையின் நடுவே துளைத்து இறங்கும் குழாய். அங்கிருந்து ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் குழாய். குழாயின் நுனியில் ரப்பர் காம்பு. குப்பியைக் குழந்தையின் பக்கத்தில் படுக்க வைத்து, காம்பை வாயில் கொடுத்துவிட்டால் யாரும் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். தாய்க்கு இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். அந்த முழ நீளக் குழாயின் உள்பக்கத்தை எந்தத் தூரிகையாலும் கழுவ முடியாது. உள்ளே ஒட்டிய பால் நேற்றையதா, முந்தாநாளையதா என்று சொல்ல முடியாது. பிரான்ஸ் 1910இல் அதைச் சட்டத்தாலேயே தடை செய்தது. இங்கிலாந்தில் மருத்துவர்கள் கண்டித்துக்கொண்டே இருந்தார்கள், கடைகள் விற்றுக்கொண்டே இருந்தன. கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றபோது எனக்குக் கோபம் வரவில்லை. வடிவமைத்தவன் குழந்தையை நினைக்கவில்லை என்றாலும், ஒரு பெண்ணுக்கு இரண்டு கை போதவில்லை என்பதை மட்டும் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறான் என்று தோன்றியது.

இனி அந்த அறைக் கணக்குக்குத் திரும்புகிறேன். அந்த நான்கு வரியைத் தயாரித்த அதே நியூமன், 1906இல் சிசு மரணம் பற்றித் தனி நூலே எழுதினார். அதில் அவர் வந்து சேர்ந்த முடிவு, இது துப்புரவுப் பிரச்சினை மட்டுமன்று, வீட்டுப் பிரச்சினையும் அன்று, வறுமைப் பிரச்சினை என்றும் சொல்லிவிட முடியாது, முதன்மையாக இது தாய்மையின் பிரச்சினை என்பது. முதலில் படித்தபோது எனக்கு இது விளங்கவில்லை. அறை கூடினால் சாவு குறைகிறது என்று தன் கையால் எழுதியவர், அறையைத் தள்ளிவிட்டுத் தாயைப் பிடித்தது எப்படி?

அவருக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் அவர் கையில் இருந்த சான்றுகளையும் சொல்ல வேண்டும். கிழக்கு லண்டனில் குடியேறிய யூதர்கள் நெருக்கடியான அறைகளில்தான் வாழ்ந்தார்கள். ஆனால் அவர்களின் குழந்தைகள் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைவிடக் குறைவாகவே இறந்தன, ஏனென்றால் அந்தத் தாய்மார்கள் நெடுநாள் தாய்ப்பால் கொடுத்தார்கள். 1870–71இல் பாரிஸ் முற்றுகையின்போது ஊரே பட்டினி கிடந்தும் கைக்குழந்தைகளின் சாவு குறைந்தது என்றும், அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் மூடிக் கிடந்தபோதும் அப்படியே நடந்தது என்றும் அக்காலத்து மருத்துவர்கள் ஓயாமல் எடுத்துக்காட்டினார்கள். வேலை இல்லாத தாய் வீட்டிலிருந்து பாலூட்டினாள் என்பது அவர்களின் விளக்கம். தாய்ப்பால் கழிச்சலைத் தடுக்கிறது என்பதில் அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. இந்த இடம் வரை நியூமன் சொன்னது சரிதான்.

ஆனால் தாய்ப்பால் என்ற இடத்திலிருந்து தாயின் அறியாமை என்ற இடத்துக்கு அந்தக் காலத்து அறிக்கைகள் எடுத்துவைக்கும் அடி மிகச் சிறியது. படிப்பவனுக்குத் தெரியாமலேயே எடுத்துவைத்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் படையில் சேர வந்தவர்களில் ஏராளமானவர்கள் உடல் தகுதியற்றவர்கள் என்று தள்ளப்பட, இந்த இனமே நலிகிறதா என்று ஆராய ஒரு குழு அமைத்து 1904இல் அறிக்கை பெற்றார்கள். 1906இல் வெஸ்ட்மின்ஸ்டரில் சிசு மரணத்துக்கென்றே முதல் தேசிய மாநாடு கூடியது. தொழிலாளர் வர்க்கத்திலிருந்து அமைச்சரான ஜான் பர்ன்ஸ்கூடத் தலைமை ஏற்றுத் தாயைத்தான் சுட்டினார். வேலைக்குப் போகும் தாய், குடிக்கும் தாய், கழுவத் தெரியாத தாய், தூக்கத்தில் புரண்டு குழந்தையை நசுக்கும் தாய். கடைசியாகச் சொன்னதற்கு 1908ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தில் தண்டனையே வந்தது. குடித்துவிட்டுப் படுத்தவரின் பக்கத்தில் குழந்தை மூச்சுத் திணறி இறந்தால் குற்றம். சனிக்கிழமை இரவுகளில் இந்தச் சாவு அதிகம் என்பது உண்மை. ஒற்றை அறையில் ஒற்றைக் கட்டில்தான் இருந்தது என்பதும் உண்மை. அந்தச் சட்டம் முதலாவதைப் பார்த்தது, இரண்டாவதைப் பார்க்கவில்லை. அறிவுரைத் துண்டறிக்கை அச்சடிக்க ஆகும் செலவும் வீடு கட்ட ஆகும் செலவும் எவ்வளவு என்பதும், அந்தச் செலவை முடிவு செய்யும் மன்றங்களில் எப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் நகராட்சியில் வேலை பார்த்த எவனுக்கும் தெரியும்.

வேலைக்குப் போகும் தாய்தான் காரணம் என்பதைப் பிற்காலத்துக் கணக்கு ஒன்று உடைத்தது. 1911ஆம் ஆண்டுப் பிறப்புகளைத் தந்தையின் தொழிலை வைத்துப் பதிவுத் தலைமையகம் பிரித்தது. மேல்தட்டு, நடுத்தட்டுக் குடும்பங்களில் ஆயிரத்துக்கு 76. திறன் தேவைப்படாத கூலித் தொழிலாளர் குடும்பங்களில் 153. நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களில் 148. இதுவரை எதிர்பார்த்ததுதான். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் 160. அதற்கு நேர்மாறாக, விவசாயக் கூலிகளின் குடும்பங்களில் 97. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சுரங்கத் தொழிலாளி கை நிறையக் கூலி வாங்கினான். அவன் மனைவி வேலைக்குப் போவது அரிது. விவசாயக் கூலிக்கு நாட்டிலேயே மிகக் குறைந்த கூலி. ஆனாலும் கூடுதல் கூலியும் வீட்டில் இருக்கும் தாயும் சுரங்க ஊர்க் குழந்தையைக் காப்பாற்றவில்லை. குறைந்த கூலி வயல் ஊர்க் குழந்தையை அந்த அளவுக்குக் கொல்லவில்லை. வீடு எங்கே நிற்கிறது, அதைச் சுற்றி எத்தனை வீடு நிற்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மலம் எங்கே போகிறது என்பவைதான் வித்தியாசம். என் தொழிலின் பாடமும் அதுவே என்பதால் எனக்கு இதில் ஒரு பக்கச்சார்பு இருக்கலாம்.

அறிவுரையே வீண் என்று நான் சொல்லவில்லை. ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்தின் லாங்வுட் பகுதியில் நடந்ததை மறந்துவிட்டு அப்படிச் சொல்லவும் முடியாது. 1904 நவம்பரில் அந்நகரத்தின் மேயரான பெஞ்சமின் பிராட்பென்ட், தாம் பதவியில் இருக்கும் காலத்தில் லாங்வுட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஓராண்டு நிறைந்து உயிரோடு இருந்தால் தாய்க்கு ஒரு பவுன் (தங்கமன்று, இங்கிலாந்துப் பணம்) தருவதாக அட்டையில் எழுதிக் கொடுத்தார். அட்டையோடு குழந்தை வளர்ப்புக் குறிப்பும் போயிற்று; தன்னார்வப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். அப்படிப் பிறந்த 112 குழந்தைகளில் 107 பேர் முதல் பிறந்தநாளைக் கண்டார்கள். ஆயிரத்துக்கு 45 என்று ஆகிறது; அதற்கு முந்தைய பத்தாண்டுச் சராசரி 122. சிறிய எண்ணிக்கைதான், ஓர் ஆண்டு தற்செயலாகவும் நன்றாக அமையலாம் என்று புள்ளியியல் படித்தவர்கள் மூக்கைச் சுளிக்கலாம். எனக்கு இதில் பட்டது வேறு. அந்த அட்டையைத் தர வேண்டுமானால் குழந்தை பிறந்த செய்தி உடனே தெரிய வேண்டும். அன்றைய சட்டத்தில் பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம். முதல் மாதத்திலேயே சாகும் குழந்தையை அந்த நாள்கணக்கில் யாரும் போய்ப் பார்க்க முடியாது. ஹடர்ஸ்ஃபீல்ட் 1906இல் தனிச் சட்டமே பெற்று 48 மணி நேரத்துக்குள் பிறப்பை அறிவிக்க வேண்டும் என்றாக்கியது. மறு ஆண்டே நாடாளுமன்றம் அதை 36 மணி நேரமாக்கி, விரும்பும் ஊர்கள் ஏற்றுக்கொள்ளலாம் என்றது. 1915இல் எல்லா ஊருக்கும் கட்டாயமாயிற்று. வீட்டுக்கு வரும் செவிலி என்ற ஏற்பாடு நாடு முழுவதும் ஒழுங்காகப் பரவியது இந்த 36 மணி நேரத்தின் மேல்தான்.

ஃபின்ஸ்பரியிலும் சும்மா இருக்கவில்லை. 1904இல் ஒரு தன்னார்வச் சங்கம் தூய பாலைக் காய்ச்சிப் புட்டியில் அடைத்து விற்கும் நிலையம் திறந்தது. செயின்ட் ஹெலன்ஸ் நகராட்சி 1899இலேயே தொடங்கிவைத்த முறை அது. பக்கத்து பரோவான செயின்ட் பங்க்ராஸில் 1907இல் தாய்மார்கள் பள்ளி என்று ஒன்று வந்தது. அங்கே எனக்குப் பிடித்தது வகுப்பன்று, சாப்பாடு. பாலூட்டும் தாய்க்கு மலிவு விலையில் மதிய உணவு போட்டார்கள். தாய்ப்பால் கொடு என்று சொல்வதற்கு முன்னால் தாய் சாப்பிட்டாளா என்று கேட்டது அந்த ஓர் இடம்தான் என்று சொல்லலாம்.

தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே லம்பெத்தில், ஃபேபியன் சங்கம் என்ற சோசலிச அமைப்பின் பெண்கள் 1909 முதல் 1913 வரை வாரம் ஒரு பவுன் அளவில் வாழும் குடும்பங்களுக்குத் தொடர்ந்து போய்ச் செலவுக் கணக்கெழுதியதும் இந்த இடத்தில் நினைக்கத் தக்கது. காலையில் ரொட்டிக்குப் பதில் ஓட்ஸ் கஞ்சி கொடுத்தால் மலிவு, சத்தும் அதிகம் என்று வசதியானவர்கள் அந்தத் தாய்மார்களுக்கு அறிவுரை சொல்வது வழக்கம். கஞ்சிக்கு நெடுநேரம் கிண்ட வேண்டும். எரிவாயுவுக்குக் காசு போட வேண்டும். வீட்டில் இருப்பது பழைய குழம்பு வாசம் போகாத ஒரே பாத்திரம். பாலும் சர்க்கரையும் இல்லாமல் அடிப்பிடித்த கஞ்சியைப் பிள்ளைகள் வாயில் வைக்க மறுத்தன. அறியாதவள் யார்? அந்தக் கணக்குகளிலேயே இன்னொன்றும் வெளிப்பட்டது. வாடகைக்குக் கூடுதலாகக் கொடுத்துச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. மலிவான நிலவறையில் இருந்துகொண்டு சாப்பாட்டுக்குக் கூடுதலாகச் செலவழித்தவர்களும் உண்டு. முன்னவர்களின் பிள்ளைகளே அதிகம் பிழைத்தன.

அறைக் கணக்கு ஃபின்ஸ்பரியோடு நின்றதில்லை. 1921ஆம் ஆண்டுக்குப் பம்பாய் நகரத்திலும் அதே போல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒற்றை அறையில் பிறந்த ஆயிரத்துக்கு 828. இரண்டு அறையில் 322. மூன்றில் 191. நான்கும் மேலும் என்றால் 133. 828 என்ற எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று என் பழைய பதிவாளர் புத்தி சொல்கிறது. ஆலைத் தொழிலாளிப் பெண்கள் பிரசவத்துக்குக் கொங்கணத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டுக் குழந்தையோடு திரும்புவார்கள். பிறப்பு கிராமத்துப் பதிவேட்டில் சேரும். சாவு பம்பாயின் பதிவேட்டில் சேரும். வகுக்கும் எண் சிறுத்து, வகுபடும் எண் பெருத்தால் விகிதம் வானத்துக்குப் போகத்தான் செய்யும். ஃபின்ஸ்பரியின் 219இலும் இப்படிச் சிறு பிசிறுகள் இருக்கும்: பிறந்து சில நிமிடம் மூச்சு விட்ட குழந்தையைச் செத்துப் பிறந்ததாகச் சொல்லிப் புதைத்துவிட்டால் எந்த ஏட்டிலும் வராது, ஏனென்றால் இங்கிலாந்தில் 1927 வரை செத்துப் பிறந்த குழந்தையைப் பதிவு செய்வதே இல்லை. ஆனால் பிசிறுகளையெல்லாம் கழித்தாலும், இரண்டு ஊரிலும் படிக்கட்டு ஒரே திசையில்தான் இறங்குகிறது.

நியூமன் 1907இல் ஃபின்ஸ்பரியை விட்டுக் கல்வி வாரியத்துக்குத் தலைமை மருத்துவராகப் போனார். 1919இல் புதிதாக அமைந்த சுகாதார அமைச்சகத்தின் முதல் தலைமை மருத்துவ அலுவலரும் அவரே. அவர் பதவியில் இருந்த காலத்தில் விகிதம் இறங்கிக்கொண்டே வந்தது. குதிரைகள் போய் மோட்டார் வந்தது, பால் காய்ச்சிப் புட்டியில் வந்தது, தாய்மார்கள் முன்னைவிடக் குறைவாகப் பெற்றார்கள். முதல் மாதச் சாவுகள் மட்டும் நெடுநாள் பெரிதாக அசையவில்லை. கர்ப்பக் காலத்தில் சரியாகச் சாப்பிடாத பெண்ணின் கணக்கு அது. 1911ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் பிரசவத்துக்கு 30 ஷில்லிங் தந்தது. அது கணவன் கைக்குப் போகாமல் மனைவிக்கே சொந்தம் என்று திருத்த 1913 வரை ஆயிற்று.

ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நானும் மகளும் ஃபின்ஸ்பரிப் பக்கம் போனோம். பைன் தெருவில் 1938இல் அந்த பரோ கட்டிய சுகாதார நிலையம் நிற்கிறது. கட்டிடக் கலைஞர் லுபெட்கின் வடிவமைத்தது. திறந்த காலத்தில் அதன் கூடத்துச் சுவரில், இரவும் பகலும் நல்ல காற்று வேண்டும் என்றும், கூடிய மட்டும் வெளியில் வாழுங்கள் என்றும் சித்திரங்களோடு எழுதி வைத்திருந்தார்கள். ஒற்றை அறைக்காரன் அதைப் படித்துவிட்டு வேறு என்னதான் செய்திருப்பான் என்று மகளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

அங்கிருந்து ரோஸ்பரி அவென்யூவுக்கு நடந்தோம். அதே பரோ, அதே லுபெட்கினைக் கொண்டு கட்டிய ஸ்பா கிரீன் குடியிருப்பு அங்கே இருக்கிறது. 1946இல் அன்றைய சுகாதார அமைச்சர் அனெய்ரின் பெவன் அடிக்கல் நாட்டினார், 1949இல் முடிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைத் தொட்டியின் அடியில் பெரிய துவாரம் வைத்து, குப்பையைத் தண்ணீரோடு சேர்த்துக் கீழே அனுப்பும் ஏற்பாடு செய்திருந்தார்கள் என்று படித்திருந்தேன். வாசலில் குப்பை சேராது, ஈ மொய்க்காது. முப்பத்தோரு ஆண்டுகள் குப்பைத் தொட்டிகளின் பின்னால் அலைந்தவனுக்கு அந்தத் துவாரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? எதிர்ச் சாரியில் நின்று, ஒரு வீட்டுக்கு எத்தனை அறை இருக்கும் என்று ஜன்னல்களை வைத்து எண்ணத் தொடங்கினேன். பேத்தி விழித்துக்கொண்டு அழுததால் மூன்றாவது மாடியோடு எண்ணிக்கை விட்டுப் போயிற்று.